கடைக்கு வராத துப்பாக்கி

கச்சிராயபாளையத்தில் கரும்பு அரைவைக் காலம் வந்துவிட்டால் டீக்கடைகள் விடியற்காலை மூன்று மணிக்கே திறந்துவிடும். சர்க்கரை ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் டிராக்டர்களும் லாரிகளும் நகர்கிற வரையில் வண்டிக்காரர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் அந்தக் கடைகளில் ஒன்றில் போய் உட்காருவது வழக்கம். உலகத்தில் நடக்கும் சகல விஷயங்களைப் பற்றியும் அங்கே தீர்ப்புச் சொல்லப்படும், அப்பீல் கிடையாது.

போன தடவை போயிருந்தபோது பேச்சு துப்பாக்கியைப் பற்றி நடந்தது. பத்திரிகையின் ஒரே பக்கத்தில் இரண்டு செய்திகள். ஒன்று, அமெரிக்காவில் எவனோ ஒருவன் கும்பலில் புகுந்து சுட்டுத் தள்ளிய செய்தி. இன்னொன்று, கல்வராயன் மலையில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியோடு ஒருவர் பிடிபட்ட செய்தி. முதல் செய்தி அமெரிக்கர்களுக்கு அலுத்துப்போனது. இரண்டாவது எங்களுக்கு அலுத்துப்போனது.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்து, இன்று உரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பத்திரிகையை மடித்துப் போட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"எல்லாத்துக்கும் சட்டம் போடறான். சட்டம் போட்டா கொலை நின்னுடுமா? துப்பாக்கி இல்லன்னா அருவா. அருவா இல்லன்னா கல்லு. எங்கடையில இந்தப் பூச்சிமருந்த விக்காத, அந்தப் பூச்சிமருந்த விக்காதன்னான். சாகறவன் கயிறு வாங்கிட்டுப் போறான். இதோ இருக்குது கருணாபுரம். மெத்தனால் என்ன பொட்டிக்கடையிலயா தொங்குது? அதுக்கும் சட்டம் இருந்துதே, அறுவது பேருக்கு மேல செத்தாங்களா இல்லியா? கெட்டவன் லைசென்ஸ் கேட்டு வரமாட்டான்டா. நல்லவன்தான் மாட்டுவான்."

கடையிலிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குப் பதில் தெரியும்; ஆனால் சமயத்தில் வாயில் வரவில்லை. டீக்கடையில் தோற்ற எழுத்தாளன் வீட்டுக்கு வந்து பேனாவை எடுப்பது ஒன்றும் புதிதல்ல. நண்பர் மன்னிக்க வேண்டும். வழக்கை இங்கே திரும்ப எடுக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தினால் கொலை நின்றுவிடாது, ஆனால் குறையும். குறைவது அற்ப விஷயம் என்று நினைக்கிறவர்கள், குறைந்த அந்தக் கணக்கில் தங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இருக்கலாம் என்பதை யோசிக்காதவர்கள். என் வீட்டு ஆள் ஒருவர் அந்தக் கணக்கில் இருக்கிறார். அந்தக் கதையை இதுவரை நான் எழுதியதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. தாத்தா காலத்தில் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி. கரும்புக் கொல்லையில் பன்றி விழுகிறது என்று சொல்லி வாங்கியது. அது எத்தனை பன்றியைச் சுட்டதோ, நான் அறியேன். நான் பார்த்த வரையில் கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டு, வருகிறவர்கள் போகிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் அந்தஸ்தை அறிவித்துக்கொண்டிருந்தது. தாத்தாவுக்குப் பிறகு லைசென்ஸ் பெரியப்பா பேருக்கு மாறியது.

1991ஆம் வருஷம் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் சேர்ந்து தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். மே 21ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். தேர்தல் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. துப்பாக்கியும் ஸ்டேஷனிலேயே தங்கிற்று.

அந்தக் கோடையில் எங்கள் கூட்டுக் கிணற்றில் தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. என் தகப்பனாரும் பெரியப்பாவும் முறை வைத்து மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்ட் எப்போது வந்தது, யார் முறையை யார் தின்றது என்று ஒருநாள் ராத்திரி பேச்சுத் தடித்தது. பெரியப்பா குடித்திருந்தார். அப்பா குடிக்கிறவர் அல்ல. ஆனால் குடித்தவன்கூடச் சொல்லக் கூசுகிற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். பெரியப்பா உள்ளே ஓடினார். எனக்கு அப்போது பதினோரு வயது. திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை சுவரில் ஆணியைத் தடவிற்று. ஆணி மட்டும்தான் இருந்தது. துப்பாக்கி ஸ்டேஷனில் இருப்பது அந்த வெறியில் அவருக்கு மறந்துபோயிருந்தது. சுவரையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு கரும்பு வெட்டுகிற கத்தியைத் தேடிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனார். அதற்குள் பெரியம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் ஓடிவந்தார்கள். அப்பாவை அம்மா வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அவ்வளவுதான் கதை. விடிந்ததும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்குள் பேசிவிட்டார்கள். என் தகப்பனார் அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தார். அவர் போனபோது தலைமாட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதவர் பெரியப்பாதான்.

துப்பாக்கியா கொல்லுகிறது, மனிதன்தானே கொல்லுகிறான் என்று கேட்கிற கனவான்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அன்றைக்கு மனிதன் இருந்தான்; கோபம் இருந்தது; சாராயம் இருந்தது; காரணமும் இருந்தது. துப்பாக்கி மட்டும் இல்லை. கொலையும் இல்லை. அரிவாளாலும் கொல்லலாம் என்பது வாஸ்தவம். ஆனால் அரிவாளை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் போகவேண்டும். போவதற்குள் ஒருத்தி காலைக் கட்டிக்கொள்ளலாம். எதிராளி கதவைச் சாத்திக்கொள்ளலாம். நாலு பேர் வந்து பிடிக்கலாம். துப்பாக்கிக்கு இந்த இடைவெளி கிடையாது. கோபத்துக்கும் காரியத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் மனித ஜாதி பிழைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு வீட்டுச் சண்டையை வைத்துக்கொண்டு உலக நியாயம் பேசுகிறாயே என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆகவே அவருடைய சொந்தக் கடைக்கே வருகிறேன்.

இலங்கையில் 1995ஆம் வருஷ வாக்கில் ஒரு லட்சம் பேருக்கு நாற்பது பேருக்கு மேல் தற்கொலை செய்துகொண்டு மாண்டார்கள். உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் அது ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்து. அந்த சர்க்கார் ஜனங்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. மிகக் கொடிய மருந்துகளான மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் இரண்டையும் 1995இல் நிறுத்தியது. 1998இல் எண்டோசல்பானை நிறுத்தியது. பத்து வருஷத்துக்குள் தற்கொலைச் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. துக்கம் பாதியாகவில்லை, கடன் பாதியாகவில்லை, யுத்தம் அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கடையில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த சாவு மட்டும் எட்டாத இடத்துக்குப் போயிற்று. 'சாகிறவன் கயிறு வாங்கிப் போவான்' என்கிறார் நண்பர். சிலர் போனார்கள். அநேகர் போகவில்லை. அந்த வேளை தாண்டியதும் எழுந்து அடுப்பு மூட்டினார்கள், வயலுக்குப் போனார்கள்.

துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களையே சுட்டுக்கொண்டு சாகிறவர்கள். இந்த உண்மையைத் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லுவதில்லை. திருடனைச் சுட வாங்கி வைத்த துப்பாக்கி, வீட்டுக்காரனைத்தான் அதிகம் சுடுகிறது.

சட்டம் போட்ட தேசங்களைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதம மந்திரி ஜான் ஹோவர்டு முற்போக்குக்காரர் அல்ல; பழமைக் கட்சிக்காரர். அவர் தம் கட்சிக்காரர்களின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் சட்டத்தை இறுக்கினார். சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைச் சர்க்காரே விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதற்கப்புறம் அங்கே துப்பாக்கிச் சாவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோரமான சம்பவங்கள் பிறகும் உண்டு. ஆனால் துப்பாக்கியால் சாகிறவர்களின் விகிதம் இறங்கிற்று. அதே 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் மாண்டார்கள். மறு வருஷம் பிரிட்டனில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தடுக்கப்பட்டது. நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் மாண்டார்கள்; ஒரு மாதத்துக்குள் சட்டம் வந்தது.

அமெரிக்காவிலோ சட்டசபைகள் தூங்கியபோது சில கடைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 2018 பிப்ரவரியில் புளோரிடா மாநிலத்தில் பார்க்லண்ட் பள்ளிக்கூடத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் 17 பேரைக் கொன்றான். டிக்ஸ் என்ற பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்காரர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்தப் பையனுக்கு ஒரு துப்பாக்கியைத் தாங்களும் விற்றிருப்பது தெரிந்தது. கொலைக்குப் பயன்பட்டது அது அல்ல. 'அது எங்கள் துப்பாக்கி அல்ல' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர்கள் ராணுவப் பாணித் துப்பாக்கிகளை விற்பதையே நிறுத்தினார்கள். 21 வயதுக்குக் கீழே யாருக்கும் எந்தத் துப்பாக்கியும் இல்லை என்றார்கள். மிச்சமிருந்த சரக்கைத் திருப்பி அனுப்பாமல் உடைத்துப் போட்டார்கள். வால்மார்ட் கடைக்காரர்களும் வயதை 21 ஆக்கினார்கள்.

இதனால் பிரயோஜனம் என்ன, அடுத்த தெருக் கடையில் வாங்கமாட்டானா என்று கேட்கலாம். வாங்குவான். ஒரு கடை மூடினால் இன்னொரு கடை திறந்திருக்கும். அதனால்தான் தனிக் கடைக்காரனின் மனசாட்சி போதாது, எல்லாக் கடைக்கும் பொதுவான சட்டம் வேண்டும் என்கிறேன். கனெக்டிகட் மாநிலத்தில், கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன் போலீஸின் அனுமதி பெறவேண்டும் என்று 1995இல் விதித்தார்கள். ஆராய்ந்தவர்கள் அங்கே துப்பாக்கிக் கொலை குறைந்ததைக் கண்டார்கள். மிசௌரி மாநிலத்தில் இருந்த அதே மாதிரி சட்டத்தை 2007இல் எடுத்துவிட்டார்கள். அங்கே கொலை கூடியதைக் கண்டார்கள். ஒரே தேசம், ஒரே ஜனங்கள், ஒரே சினிமா. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கவேண்டும் என்ற சின்ன இடைஞ்சல்தான் வித்தியாசம். எங்கள் வீட்டு ஆணிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே இருந்த இருபது அடி தூரம் மாதிரி.

இனி, என்னைச் சற்று யோசிக்க வைத்த ஆட்சேபங்களுக்கு வருகிறேன். முதலாவது சரித்திரம். ஆயுதத்தைப் பிடுங்கிய சட்டம் வெள்ளைக்காரன் சட்டம் அல்லவா? வாஸ்தவம். 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, அந்த டிசம்பரிலேயே கும்பினியார் தென்சீமை ஜனங்களின் ஆயுதங்களைப் பறிக்க விளம்பரம் செய்தார்கள். 1878இல் லிட்டன் பிரபு, ஒரே வருஷத்தில் நம் பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஒரு சட்டமும் நம் கையிலிருந்த ஆயுதத்தைப் பறிக்க ஒரு சட்டமும் போட்டார். வெள்ளையனுக்கு லைசென்ஸ் வேண்டாம், இந்தியனுக்கு வேண்டும் என்ற அந்த அவமானத்தை எதிர்த்தவர்கள் பெரியவர்கள். ஆனால் அந்த அவமானம் சட்டத்தின் பாரபட்சத்தில் இருந்தது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை நாமே நமக்குப் போட்டுக்கொண்டோம். 2019இல் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்ததும் நம் பார்லிமெண்டுதான். அந்நியன் பூட்டிய விலங்கும் நாமே போட்டுக்கொண்ட வேலியும் ஒன்றல்ல.

இரண்டாவது ஆட்சேபம் குடகு. அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸே வேண்டாம். வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கை மத்திய சர்க்கார் 2029 வரை நீடித்திருக்கிறது. கர்நாடக ஹைகோர்ட்டும் 2021இல் சரி என்றது. அவர்கள் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கே என்ன, தினம் கொலையா நடக்கிறது? நடக்கவில்லை. ஆனால் ஒரு சங்கதியை மறந்துவிடக்கூடாது. குடகில் லைசென்ஸ் வேண்டாமே தவிர, விலக்குச் சான்று வேண்டும். எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று கலெக்டர் ஆபீசுக்குத் தெரியும். பூஜை அறையில் நாலு பேர் பார்க்க வைத்துக் கும்பிடுகிற துப்பாக்கி அது. ஊரறிந்த துப்பாக்கிக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கும். ஊரறியாத துப்பாக்கிக்குத்தான் வெட்கம் கிடையாது.

இங்கேதான் எங்கள் மலைக்கு வரவேண்டியிருக்கிறது. நண்பர் சொன்னதில் உள்ள உண்மையை நான் ஒப்புக்கொள்கிற இடமும் இதுதான்.

ஜெனீவாவில் உள்ள ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2018இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. இந்தியாவில் ஜனங்களிடம் சுமார் ஏழு கோடி துப்பாக்கிகள்; அவற்றில் பதிவானவை ஒரு கோடிக்கும் கீழே. மதிப்பீடு முன்னே பின்னே இருக்கட்டும். மிச்சம் ஆறு கோடியும் கடைக்கு வராத துப்பாக்கிகள். கடைக்காரனுக்கு எத்தனை விதி போட்டாலும் அவற்றைத் தொடாது. பீகாரில் முங்கேர் என்று ஓர் ஊர். மீர் காசிம் காலத்திலிருந்து துப்பாக்கி செய்கிற ஊர். லைசென்ஸ் பெற்ற பட்டறைகளில் வேலை சுருங்கச் சுருங்க, கைத்தொழில் தெரிந்தவர்களில் பலர் கள்ளப் பட்டறைக்குப் போனார்கள். இன்று வட இந்தியாவில் நாட்டுத் துப்பாக்கி என்றாலே முங்கேர்தான் நினைவுக்கு வருகிறது.

கல்வராயன் மலையில் பட்டறை அவ்வளவு பெரிதல்ல. ஒரு இரும்புக் குழாய், ஒரு கட்டை, ஒரு குதிரை, ஒரு விசை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து இடித்த மருந்து. குண்டுக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ். குழாய் வாயில் போட்டுக் கெட்டித்தால் துப்பாக்கி தயார். எதற்கு? பன்றிக்கு. சாமையும் தினையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டவன் ராத்திரி முழுதும் பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டுகிறான். ஒரு ராத்திரி கண் அயர்ந்தால் வருஷத்து வெள்ளாமை போயிற்று. சந்தையில் பழக்கமான மலைக்காரப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சுடாம இருந்தா பன்னி தின்னுது தம்பி, சுட்டா கேசு தின்னுது. எதுக்கு வெதைக்கறோம்னே தெரியல."

அவர்தான் இன்னொரு விஷயத்தையும் சொன்னார். அவருக்கு உறவுக்காரப் பையன்கள் மூன்று பேர் ஒரு ராத்திரி துப்பாக்கியோடு பன்றிக்குக் காத்திருந்தார்கள். புதரில் ஏதோ அசைந்தது. சுட்டுவிட்டார்கள். அசைந்தது பன்றியல்ல, மூன்று பேரில் ஒருவன். தொடையில் பட்டிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பின்னாலேயே போலீஸ் வரும். துப்பாக்கி எங்கே என்று கேட்கும். துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டு விடிகிற வரையில் உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கியை ஒளித்துவிட்டு, பிறகு தூக்கிக்கொண்டு போகலாம் என்று யோசனை. விடியவில்லை அவனுக்கு. "நேரத்தோட கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பான் தம்பி" என்றார் பெரியவர். வேறு எதுவும் சொல்லவில்லை.

கட்டுப்பாடு வேண்டும் என்கிற என் கட்சிக்கு இந்தச் சாவு எதிர்ச்சாட்சி. இதை மறைத்துவிட்டு நான் வாதாடக்கூடாது. தண்டிக்க மட்டுமே தெரிந்த சட்டம், கள்ளத் துப்பாக்கியை மலையிலிருந்து இறக்காது, காயம்பட்டவனையும் இறங்கவிடாது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை என்பதுதான் வேடிக்கை. பயிர்ப் பாதுகாப்புக்காக, வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டு ஒருவன் வந்தால், அவன் தேவை உண்மையாக இருக்கும் பட்சத்தில் லைசென்ஸ் கொடுக்கவேண்டும் என்று 1959ஆம் வருஷத்துச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்லுகிறது. ஆனால் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் இருக்கிறவன் மனு எழுதி, போலீஸ் விசாரணை முடிந்து, கலெக்டர் ஆபீஸ் படியேறி இறங்குவதற்குள் மூன்று வெள்ளாமை போய்விடும். அப்படியே வாங்கினாலும், 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அனுமதியில்லாமல் பன்றியைச் சுடாதே என்கிறது. ஒரு சட்டம் துப்பாக்கியைக் கொடுக்கிறது. இன்னொரு சட்டம் விரலைப் பிடித்துக்கொள்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு சர்க்கார், காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையார் சுடலாம் என்று அறிவித்தது. சமவெளிக்காரனுக்கு அது உதவலாம். கொல்லையும் காடும் வரப்பு ஒட்டிக் கிடக்கிற மலையில் மூன்று கிலோமீட்டருக்கு எங்கே போவான்?

மூன்று ஜாகீர்களாக இருந்த மலை அது. சர்க்காரின் நேரடி ஆட்சி முழுசாக மேலே ஏறியதே 1976இல்தான். அப்புறமும் சர்க்கார் என்றால் அவர்கள் அதிகம் பார்த்தது காக்கிச் சட்டையைத்தான். அவ்வப்போது, 'துப்பாக்கியை ஒப்படைத்துவிடுங்கள், வழக்கு இல்லை' என்று போலீஸார் அறிவிக்கிறார்கள். நல்ல காரியம், கொஞ்சம் துப்பாக்கி கீழே வருகிறது. ஆனால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு பன்றியை அவனிடமே விட்டுவிட்டு வந்தால், அடுத்த விதைப்புக்குள் இன்னொரு குழாய் தயாராகிவிடும். துப்பாக்கி இல்லையென்றால் அவுட்டுக்காய் வைப்பான். கம்பியில் திருட்டுக் கரண்டு விடுவான். அதில் பன்றியும் சாகும், மாடும் சாகும், அதிகாலையில் அந்த வழியே போகிற மனிதனும் சாவான்.

கடைசியாகக் கருணாபுரம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அந்தத் தெருக்களில் வரிசையாகப் பாடை கட்டிய நாட்களில் நானும் போயிருந்தேன். அதை ஒரு வாதத்துக்காக எடுத்துப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நண்பர் எடுத்ததால் பேசுகிறேன். 'சட்டம் இருந்தும் செத்தார்கள். ஆகவே சட்டம் வீண்' என்பது அவர் கணக்கு. மெத்தனால் மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுகிற சரக்கல்ல. தொழிற்சாலையில் பிறந்து, டாங்கரில் ஏறி, கணக்கில் பதிந்து, லைசென்ஸோடு நகர்கிற விஷம். அதன் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு காகிதம் உண்டு. 2023 மே மாதத்தில் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபது பேருக்கு மேல் அதே விஷத்தில் செத்தபோதே அந்தக் காகிதத்தை யாராவது ஒழுங்காகப் படித்திருந்தால், மறு வருஷம் கருணாபுரத்தில் அழுகை கேட்டிருக்காது. சாவுகளுக்குப் பிறகு, அந்த ஜூன் மாதக் கடைசியில், ஆயுள் தண்டனை வரைக்கும் சட்டத்தை ஏற்றினார்கள். ஏற்றட்டும். ஆனால் தண்டனையின் நீளத்தைப் பார்த்துக் குற்றவாளி பயப்படுவதில்லை. கண்காணிக்கிறவன் வருவானா மாட்டானா என்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறான். வேலியில் ஓட்டை இருந்தால் ஓட்டையை அடைக்கச் சொல்லவேண்டும். வேலியே வேண்டாம் என்பவன் மாட்டுக்குப் பரிந்து பேசுகிறவன், பயிருக்கு அல்ல.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கடையில் விற்கிற துப்பாக்கிக்கு உள்ள கட்டுப்பாடு ஒரு நூல் அளவும் தளரக்கூடாது. மலையில் உள்ள துப்பாக்கிகளை எண்ணவேண்டும். எண்ணுவதற்காகப் போகிறவன் கையில் விலங்கோடு போகக்கூடாது. உண்மையாகவே பயிருக்காகக் கேட்கிறவனுக்கு, ஊர்ப் பொதுவில் ஒன்றிரண்டாவது, வெள்ளிமலையிலேயே முகாம் போட்டு லைசென்ஸ் கொடுக்கட்டும். அந்த வனவிலங்கு அனுமதியையும் அதே மேஜையில் கொடுக்கட்டும். பன்றி தின்ற வெள்ளாமைக்கு நஷ்டஈடு அடுத்த விதைப்புக்குள் கைக்கு வரட்டும். குழாய் திருத்துகிற கொல்லனுக்கு வேறு வேலை காட்டட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், குண்டடி பட்டு வருகிறவனை முதலில் பிழைக்க வை, அப்புறம் விசாரி என்பது மலையில் கடைசி வீடு வரை தெரியும்படி சொல்லப்படட்டும். கட்டுப்பாடு என்று நான் சொல்லுவது இத்தனையும் சேர்ந்ததைத்தான்.

எங்கள் வீட்டுத் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். தேர்தல் முடிந்து அது வீட்டுக்கு வந்தது. பழையபடி ஆணியில் தொங்கிற்று. பெரியப்பா மட்டும் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவர் காலமானதும் லைசென்ஸை யார் பேருக்கு மாற்றுவது என்று பேச்சு வந்தது. அண்ணன் தனக்கு வேண்டும் என்றார். தாத்தா ஞாபகம், வீட்டுக்கு ஒரு கௌரவம் என்றார். நான் கொடுத்துவிடலாம் என்றேன். அதற்காக அவர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. பெரியம்மாதான் தீர்ப்புச் சொன்னாள்: "குடுத்துட்டு வந்துடுங்க. வரும்போது அந்த ஆணியையும் புடுங்கிடுங்க." அண்ணனே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றை உரக்கடை நண்பருக்கு அனுப்பப் போகிறேன். அடுத்த அரைவைக்குப் போகும்போது டீக்கடையில் பதில் வைத்திருப்பார். கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். அவரும் அன்றைக்கு ஓடிவந்த நாலு பேரில் ஒருவருடைய மகன்தான்.